கற்பூரம் தொடாத உறுதிமொழி

1962 நவம்பர் 5, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. முதல் மணிக்கே ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெண்களுக்குள் இடச்சண்டை. மதியம் பள்ளித் தாளாளர் மயில்சாமி வந்தார். தன் பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தலைமுடியில் பஞ்சுத் தூசி. வழக்கமாக உட்கார்ந்ததும் கிணற்று மோட்டாரைப் பற்றி விசாரிப்பவர், இன்று நின்றபடியே பேசினார்.

எல்லையில் சீனப்படை இறங்கியதிலிருந்து ஊரெல்லாம் உறுதிமொழி எடுக்கிறார்கள். நம் பள்ளியிலும் எடுக்க வேண்டும் என்கிறார். தலைமையாசிரியையான எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அவர் கேட்பது வேறு.

"காயிதத்தைப் பாத்துப் படிக்கறதெல்லாம் உறுதிமொழி இல்லீங்க டீச்சரம்மா. வாய் ஒரு பக்கம் அசையும், கண்ணு காக்காயப் பாத்துட்டு நிக்கும். கற்பூரம் ஏத்தோணும். ஒவ்வொருத்தரும் கைய வெச்சு அணைச்சு, சாமி மேல சத்தியமா நாட்டுக்குத் துரோகம் பண்ண மாட்டேன்னு சொல்லோணும். வாத்தியாரு, டீச்சரு, ஆயா, அத்தன பேரும். இருபத்தாறாந் தேதி வெச்சுக்கலாமுங்க."

அவர் கம்பெனியில் நூல் கண்டு காணாமல் போனாலும் இதுதான் வழி. போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்ததே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை.

போகும்போது சொன்னார், நஞ்சப்பனிடமிருந்து தீபாவளிக்குப் பிறகு தகவலே இல்லை என்று. வெள்ளகோவிலில் இருக்கும் தம்பியின் மகன். பிள்ளை இல்லாத இவர் எடுத்து வளர்த்தவன். இப்போது எல்லையில் சிக்னல் பிரிவில் இருக்கிறான்.

"பார்க்கலாம்" என்றேன். எதற்கும் நான் சொல்கிற வார்த்தை.

நவம்பர் 7, புதன்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆயா பழனாயியைக் கேட்டேன்.

"உண்மையச் சொல்றவங்கள நெருப்பு சுடாதுங்க டீச்சர்."

"பொய் சொன்னால்?"

"என்ர கொளுந்தனாரு கோழியத் திருடிப்போட்டு சத்தியம் பண்ணுனாருங்க. சுடலீங்க."

"பார்த்தாயா!"

"அவசரப்படாதீங்க. ஆடி முடியறதுக்குள்ள கால் ஒடஞ்சு போச்சு."

"வண்டியிலிருந்து விழுந்தார் என்றுதானே அப்போது சொன்னாய்?"

"அந்த வண்டியில அவர ஏறச் சொன்னது யாருங்க?"

தத்துவம் படித்த காலத்தில் இப்படி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தால் பேராசிரியர்களே திணறியிருப்பார்கள்.

நவம்பர் 8, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாலை பள்ளி விட்டு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு, சமையலறையில் தட்டில் கற்பூரம் கொளுத்தினேன். நாற்பத்தெட்டு வயதில்!

"பாகற்காய் எனக்கு மிகவும் பிடிக்கும்" என்று சொல்லிச் சட்டென்று கையை வைத்தேன். அணைந்தது. சுடவே இல்லை. அப்பட்டமான பொய்.

இரண்டாவது வில்லை. "இந்த நாட்டை நான் நேசிக்கிறேன்." சொல்லிவிட்டுக் கையை இறக்கும்போது ஒரு கணம் யோசித்துவிட்டேன் — நேசிக்கிறேன் என்றால் என்ன? வரைபடத்தையா? இந்தத் தெருவையா? அதற்குள் உள்ளங்கை சுட்டுவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன்.

காரணம் தெளிவு. வேகமாக வைத்தால் காற்று அடைபட்டு அணைகிறது. தயங்கினால் சுடுகிறது. ஆக, இந்தச் சோதனையில் தோற்பவன் பொய்யன் அல்ல, யோசிக்கிறவன்.

ஆனால் ஏன் தயங்கினேன்? அந்தக் கேள்வி எண்ணெய்க்கு ஆறவில்லை.

நவம்பர் 10, சனி

ஆசிரியர் அறையில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தையல் டீச்சர் ஷரீபுன்னிசா மட்டும் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "என்னால ஆகாதுங்க டீச்சர்" என்றாள்.

தமிழாசிரியர் பொங்கியண்ணன் சிரித்தார். "ஏனுங்க, கை வெச்சா மருதாணி அழிஞ்சு போயிருமுங்களா?"

"எங்க மார்க்கத்துல கற்பூரம் கும்பிடறதில்லீங்கய்யா."

"நாட்டுக்காகன்னாக் கூடவா ஆகாது? அப்ப எந்த நாட்டுக்குங்க ஆகும்?"

அவருடைய முதல் பேச்சுக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் கண்டிக்கவும் இல்லை. நானும்தான். பொங்கியண்ணனைப் பெயர் சொல்லி அழைத்து, அரைப்பரீட்சை வினாத்தாள் எங்கே என்று கேட்டேன். அதுதான் என் கண்டிப்பு.

பிறகு அவள் என் அறைக்கு வந்தாள். தற்காலிகமாகச் சேர்ந்தவள். டிசம்பரில் வேலை நிரந்தரமாக வேண்டும். கையெழுத்து மயில்சாமியுடையது. கணவன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். அவள் அத்தா என்று அழைக்கும் அப்பா அப்துல் ரவூப்புக்குக் கண் தெரியாது. அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைப்பது.

"வேலை போயிருமுங்களா டீச்சர்?"

"பார்க்கலாம்" என்றேன். சீ.

நவம்பர் 11, ஞாயிறு

அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ராஷ்டிரபதியானாலும் மந்திரியானாலும் பதவி ஏற்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டில் எது என்பது அவரவர் விருப்பம். இவ்வளவு பெரிய தேசத்தை எழுதி முடித்த அவசரத்திலும், அந்தச் சிறு இடத்தை விட்டு வைக்க யாருக்கோ தோன்றியிருக்கிறது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தொலைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சென்னையில் படித்த நாளில் ஒரு முறை உள்ளே தேடிப்பார்த்தேன், இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உடுமலைப்பேட்டையில் இருக்கும் தங்கைக்குக்கூடத் தெரியாது. அவள் எனக்காக நேர்ந்துகொண்டு பிரசாதம் அனுப்புகிறாள். நான் சாப்பிடுகிறேன். பொட்டுக்கடலை நன்றாக இருக்கும்.

கடவுள் பெயரில்லாத ஓர் உறுதிமொழி எழுதினேன்.

"நான் இந்த நாட்டின் மகள். இதன் துன்பத்தில் இதைக் கைவிட மாட்டேன். வதந்தி பரப்ப மாட்டேன். அயலாரைக் காரணமின்றிச் சந்தேகிக்க மாட்டேன். என் வேலையை ஒழுங்காகச் செய்வேன். இதை உளமார உறுதி கூறுகிறேன்."

இதை யாரும் சொல்லலாம். ஷரீபுன்னிசாவின் கஷ்டம் தீர்ந்தது.

நவம்பர் 13, செவ்வாய்

தீரவில்லை.

காகிதத்தை அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"நல்லா இருக்குங்க டீச்சர். ஆனா சாட்சி யாருங்க?"

"நம்முடைய மனசாட்சி."

"என்ர மனசு என்ர பக்கந்தானுங்க பேசும். சாட்சி வெளிய இருக்கோணுமில்லீங்களா? அல்லா மேல ஆணைன்னு சொன்னாத்தான் எனக்குச் சத்தியம். வேற எது மேலயும் பண்ணக்கூடாது. எது மேலயும் இல்லாமப் பண்ணுனா... அது சும்மா பேசற மாதிரிதானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காக என்று நினைத்து எழுதியதில் இவளுக்கே இடமில்லை. மயில்சாமியும் இவளும் ஒரு கட்சி. சாமி இல்லாமல் சத்தியம் இல்லை. எதிர்க்கட்சியில் நான் ஒருத்திதான்.

"கடவுளை நம்பாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.

"அப்பிடி நம்ம பள்ளிக்கொடத்துல யாருங்க இருக்கறாங்க?"

"நான்."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. தையலில் புதுவிதமான முடிச்சைப் பார்க்கிற மாதிரி.

"நெசமாலுமா? கஷ்டம் வந்தா யாரக் கூப்புடுவீங்க?"

"யாரையும் கூப்பிட்டதில்லை."

"அப்ப எங்களவிட உங்களுக்குத்தான் கஷ்டம் ஜாஸ்திங்க டீச்சர்."

வேலை போகுமோ என்று இருப்பவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. வந்தபின் சிரிப்பாக இல்லை.

நவம்பர் 15, வியாழன்

கம்பெனிக்கே போய் மயில்சாமியைப் பார்த்தேன். மிஷின்கள் ஓடும் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட விஷயத்தைக் கத்திப் பேசுவது விசித்திரமாக இருந்தது.

சட்டத்தைச் சொன்னேன். ராஷ்டிரபதிக்கே விருப்பம் உண்டு என்றேன். சாமி பேரில்லாமல் ஒரு காகிதம் எழுதி வைத்திருப்பதையும் சொன்னேன்.

"ராஷ்டிரபதி நூல் கண்டு திருட மாட்டாருங்க. அவருக்கெதுக்குக் கற்பூரம்?"

"அப்படியானால் நம் ஆசிரியர்கள் திருடர்களா?"

"அட, அப்பிடிச் சொல்லலீங்க." மிஷின் ஓட்டுகிறவரைப் பார்த்துக் கையசைத்தார். சத்தம் நின்றது. குரல் தணிந்தது. "அந்தப் பனியில என்ர பையன் நின்னுட்டிருக்கான். இங்க நாம கடனுக்கு வாய அசைச்சுட்டு டீ குடிக்கப் போறதா? யாராச்சும் நெசமாலுமே மனசார ஒரு வார்த்தை சொல்லட்டும்னு இருக்குதுங்க எனக்கு. நெருப்புக்கிட்டக் கைய கொண்டு போறப்பத்தான் மனுசனுக்கு நெசம் வருது."

இந்த மனிதரை எதிர்த்து வாதாடத்தான் வந்தேன். ஆனால் அவர் கேட்பது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்கிற விதம்தான்.

ஷரீபுன்னிசாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். அவள் அவளுடைய அல்லா பேரில் தனியாகச் சத்தியம் செய்யட்டும். அதற்குப் பிறகு அவளுடைய வேலைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஆளுக்கொரு சாக்கு சொல்வார்கள்.

"அதனால நீங்க எல்லாருக்கும் முன்னால வந்து முதல்ல கற்பூரத்துல கைய வெக்கோணுமுங்க. பெரிய டீச்சரே வெச்சுட்டாங்கன்னா ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க."

நம்புகிறவள் தன் நம்பிக்கைப்படி சத்தியம் செய்ய வேண்டுமானால், நம்பாதவள் நம்புகிற மாதிரி சத்தியம் செய்ய வேண்டும். இந்தக் கணக்கை அவர் தெரிந்து போடவில்லை. அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

சரி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 16, வெள்ளி

ஏன் சரி என்றேன்?

நவம்பர் 18, ஞாயிறு

ஒரு கணம் கை வைத்து எடுப்பது. அவ்வளவுதான். பாகற்காய்க்குச் செய்தவள்தானே?

ஆனால் அங்கே யாரும் இல்லை. இங்கே நானூறு பெண்கள் நிற்பார்கள். "டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க" என்று நம்புகிறவர்கள். கடவுள் இல்லையென்றால் பொய்ச்சத்தியத்தில் என்ன குற்றம்? குற்றம் இருக்கிறது. உடம்பே சொல்கிறது. அப்படியானால் ஷரீபுன்னிசா கேட்ட அந்தச் சாட்சி எனக்கும் எங்கோ இருக்கிறதா? எங்கே? நிச்சயமாக மேலே இல்லை. எதிரே நிற்கிற பெண்களின் கண்ணிலா?

இதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது. இருப்பவள் ஒருத்திதான்.

நவம்பர் 19, திங்கள்

மயில்சாமியிடம் ஒப்புக்கொண்டதை ஷரீபுன்னிசாவிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"வேண்டாமுங்க."

"உன் வேலை—"

"வேலை வேணுமுங்க டீச்சர், வேண்டாம்னு சொல்ற நெலமையா எனக்கு? ஆனா நீங்க பொய்ச்சத்தியம் பண்ணி, அது மேல நான் நின்னு நெசச் சத்தியம் பண்றதா? அது எப்பிடீங்க செல்லும்?"

"உனக்குத்தான் நான் சொல்வது பொய் என்று படாதே. உன்னைப் பொறுத்தவரை கடவுள் இருக்கிறார் அல்லவா?"

"அதனாலதான் சொல்றனுங்க. நீங்க இல்லேங்கறீங்க, நான் இருக்குதுங்கறேன். இருக்கறவர் முன்னால நீங்க பொய் சொல்லறதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன்."

அழுதாளா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.

இந்தப் பள்ளியில் என் நம்பிக்கையின்மையை இவ்வளவு மதிக்கிறவள் தினமும் ஐந்து வேளை தொழுகிறவள்.

நவம்பர் 21, புதன்

ரேடியோவில் சொன்னார்கள். சீனா தானாகவே சண்டையை நிறுத்துகிறதாம். பள்ளியில் பெண்கள் கை தட்டினார்கள். இருபத்தாறாம் தேதி நிகழ்ச்சி நடக்குமா என்று மயில்சாமியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். கட்டாயம் நடக்கும் என்று பதில். நஞ்சப்பன் திரும்பப் போகிறான் என்ற சந்தோஷத்தில் ஒரு வாழைத்தாரும் கூட வந்தது.

நவம்பர் 24, சனி

தந்தி வெள்ளகோவிலுக்கு வந்திருக்கிறது. நஞ்சப்பன் இறந்துவிட்டான். சண்டை நிற்பதற்கு முன்பே. மயில்சாமி காலையிலேயே தம்பி ஊருக்குப் போய்விட்டார். உடல் வராதாம்.

நான் அந்தப் பையனை ஒரு முறை பார்த்திருக்கிறேன். பள்ளிக் கட்டடத்தில் மின்விளக்குப் போட வந்தான். ஏணி மேலே நின்றுகொண்டு சீட்டியடித்தான். நான் கீழே இருந்து "இது பெண்கள் பள்ளி" என்றேன். "மன்னிச்சுக்குங்க டீச்சர், மறந்துட்டேன்" என்றான்.

நவம்பர் 26, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மைதானத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேசையில் தாம்பாளம், அதில் கற்பூரம். பொங்கியண்ணன்தான் ஏற்பாடு. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது — பார், இந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாக எழுதுகிறேன்.

கற்பூரம் ஏற்றியதும் எல்லோரும் வாசற்பக்கம் திரும்பினார்கள். மயில்சாமி வந்திருந்தார். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு. கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

பொங்கியண்ணன் ஓடினார். "உள்ள வாங்க மொதலாளி."

"தீட்டுங்க வாத்தியாரே. பங்காளி ஊட்டுச் சாவு. சாமி காரியத்துக்கு நான் வரக்கூடாது. வெளிய நின்னு பாத்துட்டுப் போயர்றேன்."

நானும் போனேன். "இது கோயில் இல்லையே" என்றேன்.

"நாந்தானுங்களே கற்பூரம் வெக்கச் சொன்னேன். அது எரியற எடத்துல தீட்டுக்காரன் எப்பிடீங்க வர்றது?" தாம்பாளத்தையே பார்த்தார். "என்ர பையனுக்காகத்தானுங்க இத்தனையும். ஊரே சத்தியம் பண்ணுது, நான் மட்டும் பண்ண முடியாது. பாருங்க டீச்சரம்மா, எப்பிடி ஆயிருச்சுன்னு."

பிறகு அவரே கேட்டார்.

"அன்னிக்கு ஒரு காயிதம் எழுதியிருக்கறதாச் சொன்னீங்களே. அதுல சாமி பேரு இல்லைதானுங்களே?"

"இல்லைங்க."

"அதத் தீட்டுக்காரன் சொல்லலாமுங்களா?"

"யார் வேண்டுமானாலும் சொல்லலாம்."

கைப்பையிலிருந்து எடுத்தேன். அவரிடம் கண்ணாடி இல்லை. நான் கேட்டுக்கு உள்பக்கம் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், அவர் வெளியே நின்று திருப்பிச் சொன்னார். "நான் இந்த நாட்டின் மகள்" என்று நான் சொன்னதை அப்படியே "மகள்" என்றார். ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை. "கைவிட மாட்டேன்" என்ற இடத்தில் அவர் குரல் வரவில்லை. காத்திருந்தேன். பின்னாலிருந்து பெண்கள் அந்த வரியைச் சொன்னார்கள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதற்கப்புறம் எல்லாமே அவர்களும் சேர்ந்துதான்.

திரும்பியபோது கற்பூரம் தானாக எரிந்து முடிந்திருந்தது. பொங்கியண்ணன் இன்னொன்று ஏற்றினார். விரும்பியவர்கள் போய்க் கை வைத்தார்கள், பெரும்பாலோர் வைத்தார்கள். ஷரீபுன்னிசா தன் இடத்திலேயே நின்று, அல்லா மேல் ஆணை என்று உரக்கச் சொன்னாள். பொங்கியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் சொல்லி முடித்துவிட்டேன் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் தைரியசாலி இல்லை. இன்று எனக்குத் தைரியமே தேவைப்படவில்லை. அந்தப் பையன் செத்ததால் தேவைப்படவில்லை.

நவம்பர் 27, செவ்வாய்

"கைவிட மாட்டேன்" என்று சொன்னபோது எனக்கும் அந்த வரி கனத்தது. எழுதியது நான். எழுதும்போது கனக்கவில்லை. வார்த்தைக்குள் அந்தக் கனம் எப்போது வந்தது?

டிசம்பர் 14, வெள்ளி

அரைப்பரீட்சை. ஷரீபுன்னிசாவின் வேலை நிரந்தரமாயிற்று. இனிப்புக் கொண்டுவந்தாள். "அல்லா குடுத்தாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மொதலாளி கையெழுத்துப் போட்டாருன்னு வெச்சுக்குங்க, உங்களுக்கு" என்றாள். அவளிடம் இவ்வளவு குறும்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சாட்சியைப் பற்றி மறுபடி சண்டை போட்டோம். அவள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நானும்தான்.

1963 ஜனவரி 22, செவ்வாய்

குடியரசு தினத்துக்கு என்ன செய்வது என்று மயில்சாமியைக் கேட்டேன். கருமாதியெல்லாம் முடிந்து தீட்டுக் கழிந்துவிட்டது. அவருக்கு இப்போது தடையில்லை. கற்பூரம்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"எனக்குக் கற்பூரந்தானுங்க சத்தியம். அதுல மாத்தமில்லை. ஆனா பள்ளிக்கொடத்துல வேண்டாமுங்க. அன்னிக்கு கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டேன். இனி யாரையும் அங்க நிறுத்தறதுக்கு எனக்கு மனசில்லீங்க."

ஜனவரி 26, சனி

கொடியேற்றினோம். உறுதிமொழியை நான் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். மயில்சாமி முன்வரிசையில். இந்த முறை திருத்தமாக "மகன்" என்றார். ஷரீபுன்னிசா ஆரம்பிக்கும் முன் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள். பொங்கியண்ணன் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். நான் காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தேன்.

மிட்டாய் கொடுத்து முடிந்ததும் மயில்சாமி காரருகே நின்றார். நஞ்சப்பன் பேரில் அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போகிறாராம்.

"நீங்களும் வர்றீங்களா டீச்சரம்மா?"

"இல்லைங்க."

"தெரியுமுங்க. தையல் டீச்சரு ஒண்ணும் சொல்லலீங்க, நானாத்தான் கண்டுக்கிட்டேன். கூப்புடாமப் போனா நல்லா இருக்காதேன்னு கேட்டனுங்க."

சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார். திரும்பி, கிணற்று மோட்டார் இப்போது சரியாக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

சாயங்காலம் கொடியை இறக்க யார் வருவது என்று பழனாயி கேட்டாள். நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.